பக்கத்து வீட்டு மழைமானி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை எங்கள் வீட்டில் ஒரு நாள் தாமதமாகத்தான் படிக்கிறோம். அப்பா வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்துக்கு வரும் தாள் அது. அங்கே எல்லோரும் புரட்டி முடித்த பிறகு, டீக்கறையோடு எங்களிடம் வரும். சென்ற மாதம் ஞாயிறு இணைப்பில், வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகள் சலிப்பில்லாமல் படிப்பது எப்படி என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. விடியற்காலையில் எழ வேண்டும், பாடவேளை பிரிக்க வேண்டும், வேளைக்கு வேளை மணி அடிக்க வேண்டும், இலக்கை எழுதிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். கடைசியில் கொட்டை எழுத்தில், உந்துதல் உள்ளிருந்து வர வேண்டும் என்று போட்டிருந்தது.

எனக்கு 17 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். நான்கு ஆண்டுகளாக வீட்டில் இருந்து படிக்கிறேன். அந்தப் பக்கத்தில் சொன்ன அத்தனையையும் செய்து பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். உந்துதல் உள்ளிருந்து வரும் என்று ஏறக்குறைய எட்டு மாதம் காத்திருந்தேன். வரவில்லை.

ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரோனாவில் பள்ளி மூடியது. திறந்தபோது எனக்கு மூச்சிரைப்பு அதிகமாக இருந்தது. பஸ் நிறுத்தத்துக்குத் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிப் போகும் ஒற்றையடிப் பாதையில் இருட்டும் நேரத்தில் கரடி வருகிறது. அம்மா முன்பு ஆசிரியையாக இருந்தவர். பிறகு அதுவே பழகிவிட்டது. இதற்கு மேல் கேட்பவர்களுக்கு அம்மாயி (அம்மாவின் அம்மா) காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.

அட்டவணைக் கதையைச் சொல்ல வேண்டும். ஆறு வண்ணப் பென்சில்களால், கோடு போட்டு, 45 நிமிடத்துக்கு ஒரு பாடவேளையாக நானே எழுதினேன். மணிக்கு எங்கே போவது? பூஜை அறை மணியை எடுத்துக்கொண்டேன். "சாமி மணியை அறிவியலுக்கு அடிக்கிறாளே" என்று அம்மாயி முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். நானே மணி அடித்து, நானே உட்கார்ந்து, நானே இடைவேளை விட்டு, ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் காலையில் எங்கோ மரம் விழுந்து மின்சாரம் இல்லை. வெளியே மூடுபனி. போர்வையை விட்டு எழவில்லை. மணியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அட்டவணை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நான்காம் பாடவேளைக் கட்டத்தில் அம்மா எரிவாயு பதிவு எண்ணைக் குறித்து வைத்திருக்கிறார்.

நான் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்து படிக்கிறேன். மத்திய அரசின் நிறுவனம், 1989இல் தொடங்கியது. 14 வயது நிறைந்தால் 10ஆம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஒரு பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் 9 முறை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. ஏப்ரல்-மே ஒரு பருவம், அக்டோபர்-நவம்பர் இன்னொரு பருவம். ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறிக்கொண்டே வரலாம். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் என்னைப் போல உடம்பு தேறிய பிறகும் உட்கார்ந்திருப்பவளுக்கு, அந்த 5 ஆண்டு ஒரு சேற்று நிலம். ஏப்ரல் போனால் அக்டோபர். அக்டோபர் போனால் ஏப்ரல். யாரும் அதட்டப் போவதில்லை. காலை ஒன்பது மணிக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லாத இடத்துக்கு, எவ்வளவு நாள்தான் நேரம் தவறாமல் போக முடியும்?

சலிப்பு என்று எழுதிவிடுவது எளிது. அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். என் மேசைக்கு எதிரே சன்னல். சன்னலுக்கு வெளியே சரிவில் வரிசையாக ஏழு சில்வர் ஓக் மரங்கள். பதினோரு மணிவாக்கில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறும். முதலில் கடைசி மரம் போகும், பிறகு அதற்கு முந்தையது. மூன்றே மரங்கள் தெரியும்போது புத்தகத்தைப் பார்த்தால், ஏழு மரங்கள் தெரிந்தபோது திறந்த அதே பக்கம். மேற்பரப்பும் கன அளவும் என்ற பாடத்தில் அப்படி மூன்று வாரம் இருந்தேன். பாடம் கடினம் என்று சொல்ல மாட்டேன். புரிந்தால் யாரிடம் சொல்வது, புரியாவிட்டால் யாருக்கு நஷ்டம் என்ற எண்ணம்தான் கையைக் கட்டிப்போட்டது. அலுப்பு என்றால் தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். இது தூங்க எழக் கூடிக்கொண்டே போனது.

இன்னொன்றும் உண்டு, இதைப் பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "வீட்டில்தானே இருக்கிறாய்?" இந்த ஒரு கேள்விக்குள் எத்தனை வேலை அடங்கும் தெரியுமா? எரிவாயு உருளைக்காரர் வருவார், கதவைத் திற. தண்ணீர் விடும் நாள், குடத்தை வை. சித்தி வருகிறார், அடுப்பைப் பற்ற வை. துணி காய்கிறது, பனி இறங்குவதற்குள் எடு. ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலைதான். ஆனால் பத்து நிமிட வேலைகளுக்கு நடுவே கிழிந்த தாள்போல் கிடக்கும் நேரத்தில் இயற்கணிதம் ஏறாது. அந்த வேலைகளைச் செய்ததற்காக யாரும் என்னைத் தேடியதும் இல்லை. நான் இல்லாவிட்டால் வேறு யாராவது செய்திருப்பார்கள்.

காலை 8.10க்குப் பள்ளி வேன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். உடன் படித்தவர்கள் இரண்டு பேர் அதில் போவார்கள். அந்த நேரத்தில் சன்னல் பக்கம் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இந்தத் தாள் வீட்டுக்கு வரும்போது படித்துக்கொள்ளட்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ரைட்டர் தாத்தா என்றுதான் கூப்பிடும். சொந்தமாகச் சிறிது தேயிலை வைத்திருக்கிறார். எஸ்டேட்டில் கழித்துப் போட்ட ஒரு பழைய மழைமானியைக் கொண்டுவந்து முற்றத்தில் பதித்து, 31 ஆண்டுகளாகத் தினமும் மழைக் கணக்கு எழுதி வருகிறார். வேறெங்கும் கொடுப்பதற்காக எழுதுவதில்லை. உரம் எப்போது போடுவது, விடாத மழையிலும் பனியிலும் தளிரில் கொப்புள நோய் வந்தால் மருந்து எப்போது அடிப்பது என்பதெல்லாம் அவருக்கு அந்த நோட்டில்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கண்புரை முற்றியது. மழைமானியில் சேர்ந்த தண்ணீரை ஊற்றிப் பார்க்கும் அளவுக் குழாயின் மெல்லிய கோடுகள் தெரியவில்லை. ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மிணி, கொஞ்சம் வந்து இதைப் படித்துச் சொல்லேன்" என்றார்.

போனேன். மறுநாளும் கூப்பிட்டார். மூன்றாம் நாள் கூப்பிடாமலே போனேன்.

மழையை எப்போது வேண்டுமானாலும் அளக்கக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். வானிலைத் துறை நாடு முழுவதும் காலை 8.30 மணிக்குத்தான் முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது. ரைட்டர் தாத்தாவும் அதே நேரம்தான். 8.40க்குப் போனால் அவர் திட்ட மாட்டார், கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்ப்பார். அது திட்டுவதைவிட மோசம். பக்கத்து வீடுதான் என்றாலும், தாமதமாகிவிடும் என்ற பயத்தில் 8.10க்கே தெருவில் இறங்கி, அட்டை ஏறாமல் காலில் உப்பு தடவிக்கொள்வேன். வேன் போகும்போது நானும் தெருவில்தான் இருந்தேன். தோழி கை காட்டினாள். நானும் காட்டினேன்.

பிறகு அளவுக் குழாய் உடைந்தது. என் கையில்தான். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. "31 வருஷத்தில் மூன்றாவது குழாய்" என்றார், அவ்வளவுதான். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் குழாய் இங்கே கடைகளில் கிடைக்காது. அது இல்லாமல் மழையை அளக்க வழி உண்டா என்று கேட்டேன். "நீதானே படிக்கிற பிள்ளை" என்றார்.

மழைமானியின் வாய் ஐந்து அங்குலம், அதாவது 12.7 சென்டிமீட்டர். அந்த வட்டத்தின் மேல் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது எத்தனை மில்லி லிட்டர்? அது தெரிந்தால் போதும், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சை வைத்தே அளந்துவிடலாம். அன்று மாலையே கணக்குப் போட்டேன். 50.7 மில்லி என்று வந்தது. மறுநாள் இரவு நல்ல மழை. காலையில் சிரிஞ்சில் ஒன்பது முறை நிரப்பி எடுத்தேன், பத்தாவதில் 31. மொத்தம் 481 மில்லி. வகுத்து, 9.5 மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதினேன்.

ரைட்டர் தாத்தா சிரித்தார். "ராத்திரி முழுக்க என் தகரக் கூரை கத்தியது எனக்குக் கேட்டது, அம்மிணி. ஒன்பது மில்லிமீட்டருக்கு அது அப்படிக் கத்தாது."

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தால், ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டிருக்கிறேன். ஆரம் 6.35. அதன் வர்க்கம் 40.32. பை (π) மதிப்பால் பெருக்கினால் பரப்பு 126.7 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 12.67 மில்லி. 481ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 38. நான்கில் ஒரு பங்கு மழையை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்று மூன்று வாரம் திறந்து வைத்திருந்த அதே பக்கத்தில், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஓடிப்போய் 9.5ஐ அடித்து 38 என்று திருத்தினேன். அடித்த எண்ணை அழிக்க வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்றார் தாத்தா. அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு நான் படிக்கவேயில்லை. தேர்வில் அதிலிருந்து வந்த கேள்விகளில் ஒன்றையும் விடவில்லை.

இங்கிருந்து அந்த ஞாயிறு பக்கத்துக்கு வருகிறேன். மணி, அட்டவணை, கண்ணாடியில் இலக்கு எல்லாமே நான் என்னையே ஏமாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்த பொருள்கள். நான் அடித்த மணிக்கு நான் பயப்படவில்லை. தாத்தாவின் கைக்கடிகாரத்துக்குப் பயந்தேன். அவருக்கு அந்த எண் வேண்டும். நான் தப்பாகச் சொன்னால் அவர் தப்பான நாளில் மருந்து அடிப்பார், ஒரு சுற்றுப் பறிப்பு போய்விடும். படித்த ஒன்றுக்காக ஒருவர் காத்திருந்தார் என்பதுதான் என்னை எழுப்பியது. இதற்கு உள்ளுந்துதல் என்று பெயர் வைப்பதானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

ஒன்று பிடித்தால் இன்னொன்றும் கூடவே வருகிறது. தாத்தாவின் நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கணக்குத் தாளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 2009 நவம்பர் 10ஆம் தேதிக்கு எதிரே எண் இல்லை. "நிரம்பி வழிந்தது. அளவு தெரியவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறார். எனக்கு அப்போது ஒரு வயது. அப்பாவிடம் கேட்டேன். அன்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியதையும், மாவட்டத்தில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும், மலை ரயில் பாதையும் சாலையும் துண்டிக்கப்பட்டதையும் அன்றிரவு சாப்பாடு ஆறும்வரை சொன்னார். 12ஆம் வகுப்புப் புவியியலில் இயற்கைப் பேரிடர் பாடத்தை மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே எடுத்தேன்.

கூடலூரில் இருந்து என்னைப் போலவே படிக்கும் ஒரு பெண்ணைப் போன வருடம் தேர்வு மையத்தில் சந்தித்தேன். மையம் எங்களுக்குக் கோயம்புத்தூரில் விழுந்திருந்தது. மே மாதம் சீசன் நெரிசல், மலைப்பாதையில் வண்டிகள் நகராது என்று இருவர் வீட்டிலும் முதல் நாளே இறக்கிவிட்டார்கள். இப்போது வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பேசிக்கொள்கிறோம். ஒருவர் ஒரு பாடத்தை விளக்க வேண்டும், மற்றவர் மடக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் மட்டும் மழைக் கணக்கு. அவளுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெரியது, எங்கள் பக்கத்துக்கு வடகிழக்கு. ஆகஸ்டில் அவள் மூன்று இலக்கத்தில் எண் சொல்லி என்னை மட்டம் தட்டுவாள். நவம்பரில் என் முறை. ஒரே மாவட்டம், இரண்டு மழைக்காலம். சிக்னல் கிடைக்காத வியாழக்கிழமைகளில் எனக்கு ஒன்றும் ஓடுவதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பொருளியல் இன்றும் கசப்புதான். அதற்குத் தாத்தாவிடம் மழைமானி இல்லை. அம்மாயிக்கு வாசித்துக் காட்டிப் பார்க்கிறேன். பணவீக்கம் வரை வந்தபோது, "இதை எழுதினவன் சந்தைக்கே போனதில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஏழு மரமும் மறைந்து ஒரு பக்கமும் நகராத நாள்கள் மாதத்துக்கு நாலைந்து இருக்கத்தான் செய்கின்றன. அந்த நாள்களில் புத்தகத்தை மூடிவிட்டு நடக்கப் போகிறேன். முன்பு சன்னல் அருகிலேயே உட்கார்ந்து குற்ற உணர்ச்சியில் ஊறிக்கொண்டிருப்பேன், நடப்பது அதைவிடப் பரவாயில்லை.

தங்கள் நாளிதழ் மூலம் கேட்பது இரண்டே. ஊர்களில் இருக்கும் நூலகங்களில் வாரத்தில் இரண்டு முற்பகல் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கென ஒரு மேசை ஒதுக்கலாம். பாடம் நடத்த வேண்டாம். நூலகர், "போன வாரம் எடுத்ததை முடித்தாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். தனித்தேர்வர்களும் அங்கே வரட்டும். இரண்டாவது, பெரியவர்களுக்கு. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாமல் படிக்கும் பிள்ளை இருந்தால், நன்றாகப் படி என்று புத்தி சொல்லாதீர்கள். அது எங்களிடம் நிறைய இருக்கிறது. உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒரு கணக்கையோ, ஒரு கடிதத்தையோ, ஒரு படிவத்தையோ கொடுங்கள். நேரம் சொல்லிக் கொடுங்கள். கூலி இல்லாத எடுபிடியாக ஆக்கிவிடாதீர்கள், அதற்கு வீட்டில் "சித்தி வருகிறார், அடுப்பைப் பற்ற வை" என்பதே போதும்.

ரைட்டர் தாத்தாவுக்குச் சென்ற மாதம் கோயம்புத்தூரில் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. நன்றாகத் தெரிகிறது. கட்டுப் பிரித்து ஊர் திரும்பிய அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. இனி அவரே படித்துக்கொள்வார் அல்லவா? மறுநாள் 8.30க்குப் போனபோது கண்ணாடியோடு மழைமானி பக்கத்தில் நின்றிருந்தார். சிரிஞ்சை என் கையில் இருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, 44 மில்லி என்றார். நான் 43 என்றேன். இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். கடைசியில் நோட்டில் இரண்டு எண்களையும் எழுதச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் இரண்டு எண்கள், பக்கத்தில் இருவர் கையெழுத்து. நேற்று மட்டும் ஒத்துப்போனது, மழையே இல்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.